மீன்தொட்டிக்கு மரக்கட்டை: வைரமா, உளுத்ததா?

மீன்தொட்டிக்குள் வைக்கும் மரக்கட்டை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திருச்சி வாசகர்: அண்ணா, காவிரி மணலில் ஒதுங்கிக் கிடந்த வேர்க்கட்டை ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். என்ன மரம் என்று தெரியவில்லை. இரண்டடித் தொட்டியில் வைக்கலாமா?

தம்பி, கொதிக்க வைப்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் கட்டையைச் சோதியுங்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அது உளுத்தது. தொட்டிக்குள் போனால் மேலும் அழுகும், மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் அதுவே தின்னும். நகம் வழுக்கினால் ஓர் ஓரத்தை அறுத்து உள்ளே பாருங்கள். வெளிறிய விளிம்பும் கறுத்த நடுவும் தெரிந்தால், அந்தக் கறுத்த பகுதிதான் வைரம். வெளிறியதை உளி வைத்துச் செதுக்கித் தள்ளிவிடுங்கள். நெடுநாள் ஆற்றில் கிடந்த கட்டையில் அந்த வேலையைத் தண்ணீரே பெரும்பாலும் முடித்திருக்கும்.

அடுத்து மரத்தின் இனம். அறுத்த இடத்தில் பால் கசிந்தாலோ பிசின் ஒட்டினாலோ காரமான வாடை வந்தாலோ வேண்டாம். அரளி, எருக்கு, கள்ளி ஆகியவை தொட்டிப் பக்கமே வரக்கூடாது. வேம்பையும் நான் சேர்ப்பதில்லை. பூச்சியை ஒழிக்கிற அதே கசப்பு இறாலையும் பதம் பார்த்துவிடும். பார்சல் பெட்டிகளில் வரும் பைன் பலகையில் பிசின் இருக்கிறது, அதுவும் கூடாது. நன்றாகக் காய்ந்து வைரம் பாய்ந்த புளியும் கொய்யாவும் கிடைத்தால் தயங்காமல் போடுவேன். உங்கள் கட்டையை ஓர் ஆசாரியிடம் காட்டுங்கள். அவருக்கும் பிடிபடவில்லை என்றால் அது வரவேற்பறை அலங்காரத்துக்குப் போகட்டும்.

எந்த ஆற்றில் எடுத்தது என்பதும் முக்கியம். திருப்பூர்ச் சாயக்கழிவைச் சுமந்த நொய்யல் போன்ற ஆற்றங்கரைக் கட்டையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மரம் உறிஞ்சி வைத்திருப்பதைக் கொதிநீர் முழுவதும் கக்க வைக்காது.

மதுரை வாசகி: எத்தனை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும்? குக்கரில் போடலாமா?

குக்கர் வேண்டாம் அம்மா. துணுக்கு ஏதாவது போய் ஆவித் துளையை அடைத்தால் ஆபத்து. பழைய அலுமினியக் குண்டான் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். கறை ஏறினால் லேசில் போகாது.

பட்டை ஒட்டியிருந்தால் முழுவதும் உரித்துவிட வேண்டும், முதலில் அழுகுவது அதுதான். சோப்பு இல்லாமல் முரட்டுப் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேயுங்கள். பிறகு கட்டை மூழ்கும் அளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் கறுத்ததும் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு மணி நேரம். பூச்சி, முட்டை, பூஞ்சை வித்து ஆகியவற்றை ஒடுக்க இது போதும். நாள் முழுவதும் கொதிக்க வைத்தால் மரத்தின் நாரே தளர்ந்துவிடும். அதன் பிறகு வாளித் தண்ணீரில் ஊறட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். சிறு கட்டைக்கு ஒரு வாரம், தடித்த வேருக்கு ஒரு மாதம்கூட ஆகும். பாத்திரத்தில் அடங்காத கட்டை என்றால் பெரிய தொட்டியில் கிடத்தி, கொதிநீரை மேலே ஊற்றி ஆறவிட்டு, மறுபடி ஊற்றுங்கள்.

கோவை வாசகர்: பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்தால் வேலை சீக்கிரம் முடியாதா?

முடியும். கூடவே மீனும் முடிந்துவிடக்கூடும். கண்ணாடியிலிருந்து கழுவிவிடுவதைப் போல மரத்திலிருந்து குளோரினைக் கழுவிவிட முடியாது. கொதிநீர் இருக்கும்போது அது எதற்கு?

சென்னை, கொளத்தூர் வாசகர்: கடையில் வாங்கிய கட்டைதான். ஊறவைத்த பிறகும் தொட்டித் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. டெட்ராக்கள் செத்துப்போகுமா?

சாகாது. அது டானின், மரத்தின் துவர்ப்பு. டெட்ராக்களின் சொந்த ஊரான அமேசான் பகுதியில் ரியோ நீக்ரோவின் தண்ணீரே இப்படித்தான் கறுத்து ஓடும். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இதே நிறத்துக்காக நாட்டு வாதுமைச் சருகைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள்! பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை வையுங்கள். கார்பனை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

கட்டை போட்டால் தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) சரிந்துவிடுமே என்று இன்னும் சிலர் பயந்திருக்கிறார்கள். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த போர்வெல் தண்ணீரில் ஒரு கட்டையால் பெரிதாக எதுவும் நடக்காது. ஆர்ஓ தண்ணீரில் மட்டும் அளந்து பாருங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிச்லிட் மீன்களுக்குக் காரத்தன்மை வேண்டும், அங்கே பாறைதான் பொருத்தம்.

சேலம் வாசகி: கட்டை மேல் வெள்ளையாகக் கொழகொழவென்று ஏதோ படர்கிறது.

புதுக் கட்டையில் கசியும் சத்தைத் தின்ன வரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். மீனுக்குக் கெடுதல் இல்லை. பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், சில வாரங்களில் நின்றுவிடும். தொட்டியில் இறால் இருந்தால் அதுவே மேய்ந்துவிடும், அந்த வேலையும் மிச்சம்.

தஞ்சாவூர் வாசகர்: ஐயா, என் கட்டை மூழ்க மறுக்கிறது. அடியில் ஒரு கடப்பைக் கல்லை இணைக்கலாம் என்று நினைக்கிறேன்.

யோசனை சரி, கல்தான் தவறு. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகை. மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அந்தக் கல் ஆகாது. சமையல் மேடை போடும் இடத்தில் மிச்சமாகும் கிரானைட் துண்டு போதும். அதில் துளை போட்டு, அடியிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியால் கட்டையை முடுக்குங்கள். சாதாரண ஆணி துருப்பிடிக்கும். கல்லை மணலுக்குள் புதைத்துவிட்டால் வெளியே தெரியாது. கட்டையை இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே நெருக்கிச் செருகி நிறுத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஊறிய மரம் உப்பும், கண்ணாடி உப்பாது. விரிசல் விடுவது எது என்று சொல்லத் தேவையில்லை.

தூத்துக்குடி வாசகர்: கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகள் எப்படி?

உப்பு இறங்க வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊற வேண்டும். ஊறிய தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் அளந்து, புதுத் தண்ணீரின் அளவோடு ஒத்துப்போகும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பெயின்ட் தடம் உள்ள படகுப் பலகையைத் தொடாதீர்கள். படகின் அடிப்பகுதிக்குப் பூசும் சாயங்களில் செம்பு இருக்கும், இறாலுக்கு அது விஷம். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வேர் பொறுக்க நினைப்பவர்களுக்கு: அது காப்புக்காடு. போதாததற்கு அங்கே வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஈரோடு வாசகி: ஆறு மாதமாக நன்றாக இருந்த கட்டையிலிருந்து இப்போது அழுகிய முட்டை நாற்றம் வருகிறது.

நாறுவது கட்டையா, அதன் அடியில் இறுகிய மணலா என்று பாருங்கள். முதலில் மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அந்த வாயு அவற்றைக் கொல்லும். கட்டையை வெளியே எடுத்துக் கழுவி முகருங்கள். நாற்றம் போய்விட்டால் குற்றவாளி மணல். அதைக் கிளறி அலசி, கட்டையை இரண்டு கூழாங்கற்கள் மேல் தூக்கி வையுங்கள். கழுவிய பிறகும் நாறினால் ஒரு ஸ்குரூடிரைவரைக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் நடுமரம் போய்விட்டது. வெயிலில் காயவைத்து விறகாக்கிவிடுங்கள்.