நோயாளியைப் பிடித்து அடக்குவதைச் சமூகப் பணி ஆய்வாளர் ஏன் ஆராய வேண்டும்?

மனநல வார்டில் கொந்தளிக்கும் நோயாளியை ஊழியர்கள் பிடித்து அடக்குவது மருத்துவர், செவிலியர் சம்பந்தப்பட்டதுதானே, சமூகப் பணிப் பேராசிரியருக்கு அதில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடித்தபோது யாருக்காவது அடிபட்டதா என்பதோடு மருத்துவப் பதிவேடு பெரும்பாலும் நின்றுவிடும். சமூகப் பணி ஆய்வாளர் அதற்கு முன்னும் பின்னும் போகிறார். அரை மணி நேரம் முன்னால் என்ன நடந்தது? வீட்டுக்குப் போன் பேச விடாமல் தடுத்தார்களா? சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவரை நாலு பேர் சேர்ந்து தரையில் அழுத்தினால் அந்தப் பழைய பயம் அப்படியே திரும்பி வரலாம். நோயாளியிடமும், பிடித்த ஊழியரிடமும் உட்கார்ந்து கேட்டால்தான் இது தெரியும். ஊழியர்களும் இதில் உடைந்துபோகிறார்கள். அதை நாம் பேசுவதே இல்லை.

உயிராபத்தும் உண்டு. குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்தினால் மூச்சு நின்றுபோகலாம். 2010-இல் லண்டன் மனநல மருத்துவமனை ஒன்றில், போலீசார் நீண்ட நேரம் அழுத்திப் பிடித்த செனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர் இறந்தார். அவர் பெற்றோர் விடாமல் போராடியதால் 2018-இல் தனிச் சட்டமே வந்தது. பலப்பிரயோகத்தைப் பதிவு செய்வதும் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதும் அதில் கட்டாயம்.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. இங்கிலாந்தில் 31 வார்டுகளில் ‘சேஃப்வார்ட்ஸ்’ என்ற முறையைச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. மென்மையாகப் பேசுவது, கெட்ட செய்தி வந்தவரைக் கவனித்து உடன் இருப்பது போன்ற எளிய விஷயங்கள்தான். அவற்றைப் பின்பற்றிய வார்டுகளில், மற்றவற்றோடு ஒப்பிட்டால், அடக்கும் நடவடிக்கைகள் (பிடித்து அடக்குவது மட்டுமல்ல, தனியறையில் அடைப்பது போன்றவையும் சேர்த்து) சுமார் 26 சதவீதம் குறைந்தன.