சீருடைக்கு வெறுப்புக் குற்றச் சட்டமா?

கேள்வி: அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொலிஸாரையோ தீயணைப்பாளரையோ அம்புலன்ஸ் ஊழியரையோ குறிவைத்துத் தாக்கினால் அது வெறுப்புக் குற்றமாம். விபத்து நடந்த இடத்தில் அம்புலன்ஸ் ஊழியருக்கே கைநீட்டுகிறார்கள் நம்மவர்கள். இங்கும் அப்படியொரு சட்டம் வேண்டாமா?
- வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம். கைநீட்டியவர் தண்டனை பெறத்தான் வேண்டும். ஆனால் அம்புலன்ஸ் பிந்தி வந்தது என்று ஊழியரின் சட்டையைப் பிடிக்கும் அண்ணனிடம் இருப்பது பதற்றம், சிலவேளை சாராயம். அவருக்கு அம்புலன்ஸ்காரர் மேல் வெறுப்பு என்று எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பீர்கள்? நிரூபிக்க முடியாவிட்டால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

வெறுப்புக் குற்றம் என்பது ஒருவரை அவரது இனம், மதம் போன்றவற்றுக்காகவே தாக்குவது. லூசியானா 2016இல் அந்தப் பட்டியலில் இந்தத் தொழில்களையும் சேர்த்தது. அதே ஆண்டு நியூ ஓர்லியன்ஸில் குழப்பம் செய்து பொலிஸாரை ஏசிய ஒருவர் மேல் அது பாய்ந்தது, குற்றச்சாட்டு நிலைக்கவில்லை.

நம் இலங்கையில் அதற்குக் கிட்டிய சட்டம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம். இன, மத வெறுப்பைத் தூண்டினால் அதன் 3ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை. நீதவான் பிணை தர முடியாது. மேல் நீதிமன்றம்தான் தரலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019இல் இதன்கீழ் நான்கு மாதம் மறியலில் கிடந்தார். இதற்குள் பொலிஸாரையும் சேர்த்தால், சித்தாண்டியில் மேய்ச்சல் தரை கேட்டு வீதியோரம் இருந்த பண்ணையாளர் ஆத்திரத்தில் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் மறியல்தான். இதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

அடித்தவரைப் பிடிக்கத் தண்டனைச் சட்டக்கோவையே போதும். அரச ஊழியரின் கடமையைத் தடுக்கக் காயப்படுத்தினால் 323ஆம் பிரிவு, கடுங்காயமென்றால் 324, பலாத்காரம் பிரயோகித்தால் 344. வெறுப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. அம்புலன்ஸ் கண்ணாடியை உடைத்தால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டமும் சேரும்.

பிழை நடப்பது முறைப்பாட்டில்தான். 'அடித்தார்' என்று மட்டும் எழுதினால் அது 314ஆம் பிரிவின் சாதாரண காயமாகி, மத்தியஸ்த சபைக்குப் போய், கைகுலுக்கலோடு முடிந்துவிடும். ஆகவே அடிபட்ட ஊழியர் என்ன கடமையில் இருந்தார், எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, அடி விழுந்ததால் எந்த வேலை நின்றது என்பதெல்லாம் வாக்குமூலத்தில் வரவேண்டும். நியமனக் கடிதத்தின் பிரதியையும் அன்றைய கடமைப் பதிவையும் கொடுங்கள். காயம் சிறிதென்றாலும் பொலிஸ் படிவத்தோடு அன்றே சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். வீக்கம் வற்றினால் சான்றும் போய்விடும். அம்பாறைப் பக்கம் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் எழுதும்படி கேளுங்கள்; அது உங்கள் உரிமை. வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

புதுச் சட்டம்தான் வேண்டுமென்றால் இங்கிலாந்தைப் பாருங்கள். அவசர சேவையாளரைத் தாக்குவதை 2018இல் தனிக் குற்றமாக்கி, 2022இல் உச்சத் தண்டனையை இரண்டாண்டாக உயர்த்தினார்கள். அந்தச் சட்டம் கேட்பது அடி விழுந்ததா, அவர் கடமையில் இருந்தாரா என்பதைத்தான்.