பழைய நகைச்சுவைத் தொடர்களின் சிரிப்பொலி முழுவதும் ஒட்டியதுதானா?

'ஐ லவ் லூசி' போன்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் கேட்கும் சிரிப்பெல்லாம் இயந்திரத்திலிருந்து எடுத்து ஒட்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கைபேசியில் துண்டுக் காட்சிகளாகப் பார்த்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட அந்தத் தொடரைப் பொறுத்தவரை அது சரியல்ல.

1951 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய அந்தத் தொடர், ஹாலிவுட்டில் சுமார் 300 பேர் எதிரே உட்கார்ந்து பார்க்க, மூன்று 35 மி.மீ. கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மேடை நாடகம் போலவே படமாக்கப்பட்டது. நாயகி லூசில் பாலின் தாயார் அடிக்கடி அந்தக் கூட்டத்தில் இருப்பார். மகள் வம்பில் மாட்டப்போகும் கட்டங்களில் அவர் தம்மை மறந்து 'அ... ஓ' என்று பதறுவது சில பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. பதிவு செய்த சிரிப்புகளை வேண்டியபோது ஒலிக்கவிடும் சார்லஸ் டக்ளஸின் சிரிப்பு இயந்திரம் 1950களிலேயே வந்துவிட்டது என்பதையும், அதை மட்டுமே நம்பி வந்த தொடர்கள் ஏராளம் என்பதையும் நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாடகங்களுக்கு விளக்குப் போட்டவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான கார்ல் ஃப்ராய்ண்ட்தான் இத்தொடரின் ஒளியமைப்பைச் செய்தார். மூன்று கேமராக்களும் நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஒவ்வொரு கோணத்துக்கும் நிறுத்தி நிறுத்தி விளக்கு மாற்ற முடியாது. தரையில் ஸ்டாண்டு வைத்தால் கேமராவுக்கும் தடை, பார்வையாளருக்கும் மறைப்பு. ஆகவே பெரும்பாலான விளக்குகளை மேலே தொங்கவிட்டு, அதனால் கண்ணுக்குக் கீழே விழும் நிழலைப் போக்கக் கேமராவிலேயே சிறு விளக்கைப் பொருத்தினார்.

இதெல்லாம் தெரியாமலேயே 1994-இல் தண்டையார்பேட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில் அதே சிக்கலில் நான் நின்றேன். எங்கள் குழுவின் நகைச்சுவை நாடகத்தை இரண்டு வீடியோ கேமராக்களில் பதிவு செய்தபோது, ஒன்றின் படச்சட்டத்துக்குள் என் விளக்கு ஸ்டாண்டு ஓயாமல் வந்து விழுந்தது. சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டி, நான்கு ஹாலஜன் விளக்குகளை, வெளிச்சம் மென்மையாக விழ முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டி, மேலே ஏற்றினேன். அரை மணி நேரத்தில் ஒரு தாளின் நடுப்பகுதி பழுப்பேறிக் கருகும் வாடை வர, பக்கவாட்டில் ஏணி போட்டுச் சத்தமில்லாமல் அதைக் கிழித்து எடுத்தேன். நடிகர்களின் கண்கள் மட்டும் குழி விழுந்தாற்போல் இருண்டே பதிவாயின. அதற்கான காரணம் ஃப்ராய்ண்டைப் பற்றிப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

அன்று மண்டபமே சிரித்தது. கடன்காரன் ஒளிந்திருக்கும் அறையை நாயகன் நெருங்கியபோது, முன்வரிசையில் இருந்த எங்கள் தெருப் பாட்டி ஒருவர், "அடப்பாவி, கதவத் தொறக்காதடா!" என்று கத்திவிட்டார். கேசட்டைத் தொகுத்தவரோ மண்டபத்து இரைச்சல் அதிகம் என்று கூறி, எங்களைக் கேட்காமலேயே அந்த ஒலியை அழித்துவிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரே சிரிப்பைத் திரும்பத் திரும்ப ஒட்டிவிட்டார். உண்மையாகச் சிரித்தவர்களை அழித்துவிட்டுப் பொய்ச் சிரிப்பை வைத்ததை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. உங்கள் கேள்வி என்னைத் தொட்டதும் அதனால்தான்.

தொகுப்புக்குப் போகுமுன் நான் எடுத்துவைத்த பிரதி ஒன்று இருக்கிறது. படம் கோடு கோடாக ஓடுகிறது. கதவுக் காட்சியில் பாட்டியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.