மழைக்காலத்திலும் புகைமூட்டமா?

கேள்வி: திருகோணமலையில் பெரிய புகைக்கூண்டுகள் குறைவு. ஆனாலும் மார்கழியில் சில நாள் உள்துறைமுகத்துக்கு அப்பாலுள்ள மலையே தெரியவில்லையே, ஏன்?

பதில்: மழை தூசியைக் கழுவிவிடும், அது சரி. ஆனால் மழை விட்ட நாட்களில் வாடைக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து இந்தியப் பக்கத்து நுண்தூசியையும் இழுத்து வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் அப்படித்தான் நாடே மங்கிப்போய், பாடசாலைகளுக்கு ஒருநாள் விடுமுறையும் விட்டார்கள். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்துக் கதை வேறு, அது நிலத்திலிருந்து வீசும் காய்ந்த காற்று, தெருப்புழுதியைக் கிளப்பும். அப்புறம், இரவில் காற்று அடங்கினால் நாம் எரிக்கும் குப்பைப்புகை நிலத்தோடு ஒட்டியே கிடக்கும். மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளை அந்த நாட்களில் விடியற்காலை வெளியே விடாதீர்கள், தயவுசெய்து பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர்கள்.