பெட்ரோல் ஏன் தயங்கித் தயங்கி இறங்குகிறது?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் வைத்திருப்பது 2016ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் கார். நான்கு மாதங்களாகப் பங்க்கில் பெட்ரோல் போடும்போது அரை லிட்டர் இறங்குவதற்குள் நாசில் ‘டிக்’கென்று நின்றுவிடுகிறது. டேங்க்கில் கால்வாசிதான் இருந்தாலும் இதே நிலைதான். 20 லிட்டர் போடப் பத்து நிமிடம் ஆகிறது. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஒரு பணிமனையில் கரிக் கேனிஸ்டரை (பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும், கரி நிரப்பிய டப்பா) மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? — ஒரு வாசகர், கரூர்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பழுது வேறு இடத்தில், மிகக் குறைந்த செலவில் முடியக்கூடிய இடத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

டேங்க் நிறைந்துவிட்டது என்று நாசிலுக்கு எப்படித் தெரிகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். உண்மையில் டேங்க்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதன் நுனியில், உட்புறமாக, ஒரு சிறு துளை இருக்கும். அடுத்த முறை பங்க்கில் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். பெட்ரோல் வேகமாகப் பாயும்போது அந்தத் துளையின் வழியாகக் காற்று இடைவிடாமல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் மேலேறி வந்து துளையை மூடியதும் காற்று வரத்து நின்று, கைப்பிடிக்குள் உள்ள சவ்வு இழுபட்டு, வால்வு மூடிக்கொள்கிறது. அந்த ‘டிக்’ ஒலி அதுதான். ஆகவே டேங்க் கால்வாசியாக இருக்கும்போதே நாசில் நிற்கிறது என்றால், உள்ளே போக வேண்டிய பெட்ரோல் போக முடியாமல் கழுத்துக் குழாயில் தேங்கி, நாசில் நுனியைத் தொடுகிறது என்று பொருள்.

பெட்ரோல் ஏன் தேங்குகிறது? உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாததால்தான். குறுகிய வாய்ப் பாட்டிலில் புனலை இறுக்கமாகச் செருகி நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எண்ணெய் புனலிலேயே நின்றுவிடும். புனலைச் சற்றே தூக்கிப் பிடித்தால் ‘குளுக்’கென்று இறங்கும். உங்கள் காரில் அந்தப் புனலைத் தூக்கிப் பிடிக்கும் வேலையைச் செய்வது, தடித்த பெட்ரோல் குழாயின் பக்கத்திலேயே ஓடும் மெல்லிய காற்றுக் குழாய். மெக்கானிக்குகள் இதை ‘பிரீதர் ஹோஸ்’ என்பார்கள். டேங்க்கின் மேற்புறத்திலிருந்து கிளம்பி, மூடிக்குச் சற்றுக் கீழே கழுத்தில் வந்து சேரும். பங்க்கில் நிற்கும்போது மூக்கில் ஏறும் பெட்ரோல் நெடியில் பெரும்பகுதி இந்த வழியாக வருவதுதான்.

கேனிஸ்டரைப் பற்றிய குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு மாடல் தொடங்கி, நிரப்பும்போது எழும் ஆவியையும் வாகனத்துக்குள்ளேயே பிடிக்க வேண்டும் என்ற விதி படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனவே அந்த நாட்டுக் கார்களில் டேங்க்கின் காற்று கரிக் கேனிஸ்டர் வழியாகத்தான் வெளியேறுகிறது. கேனிஸ்டர் அடைத்தால் பெட்ரோல் இறங்காது. இணையத்தில் காணும் அந்நாட்டுக் காணொளிகள் எடுத்தவுடன் கேனிஸ்டரைக் கழற்றச் சொல்வது இதனால்தான். நம் ஊரில் ஓடும், உங்கள் காரின் வயதுடைய கார்களில் கேனிஸ்டரின் முக்கிய வேலை, வண்டி நிற்கும்போது டேங்க்கில் எழும் ஆவியைப் பிடித்துவைத்து, ஓடும்போது எஞ்சினுக்கு அனுப்புவது. நிரப்பும்போது வெளியேறும் காற்றில் பெரும்பகுதி அதன் வழியே போவதில்லை.

பணிமனைக்குப் போவதற்கு முன் நீங்களே சிலவற்றைப் பார்த்துவிடலாம். வேறு பங்க்கில், வேறு நாசிலில் போட்டுப் பாருங்கள். சில நாசில்களின் சவ்வு தளர்ந்து அவையே அடிக்கடி நிற்கும். அடுத்து, நாசிலை ஓர் அங்குலம் வெளியே இழுத்து, பக்கவாட்டில் சற்றுத் திருப்பி, பாதி வேகத்தில் போடச் சொல்லுங்கள். அப்படிப் போட்டால் தடையின்றி இறங்குகிறது என்றால் காற்று வழி முழுவதும் அடையவில்லை, குறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். எந்த நாசிலிலும் எந்தக் கோணத்திலும் நிற்கிறது என்றால் குழாயைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றும் வேலையை வீட்டு வாசலில் செய்ய வேண்டாம். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில், எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மெக்கானிக் செய்யட்டும். பல கார்களில் பின் சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் லைனரைக் கழற்றினாலே இரண்டு குழாய்களும் கண்ணில் படும். குழாய் மடிந்திருக்கிறதா, அடிப்பகுதிக்குப் பூசிய தார்ப்பூச்சு அதன் வாயில் அப்பியிருக்கிறதா, குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிப்பார்வையை மட்டும் நம்பக் கூடாது. இதே குறையுடன் வந்த ஒரு காரில் நான் பார்த்த ரப்பர் குழாய், வெளியே புதிது போல மினுமினுத்தது. குறுக்கே அறுத்துப் பார்த்தபோது உட்சுவர் உப்பி, தீக்குச்சி நுழையும் அளவுக்குக்கூட இடமில்லை. ஒன்பது, பத்துக் கோடைகளின் வெப்பமும் பெட்ரோல் ஆவியும் ரப்பரை அப்படிச் செய்துவிடும்.

புதுக் குழாய் வாங்கும்போது அது எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டதா, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உள் விட்டம் பழைய குழாயின் அளவே இருக்க வேண்டும், நீளமும் அதே அளவில் இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டால் குழாய் தொய்ந்து, அந்தத் தொய்வில் பெட்ரோல் தேங்கி நின்று காற்றை மறிக்கும்; பழைய குறை புதுக் குழாயோடு திரும்பி வரும்.

அடைப்பை எடுக்கிறேன் என்று கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் டேங்க்குக்குள் செலுத்துவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். டேங்க்கிலுள்ள மிதவை வால்வுகள் சேதமடையலாம். கேனிஸ்டரின் கரித்துகள் கிளம்பிக் குழாய்களில் பரவலாம். கழற்றிய குழாயைத் தனியாக வைத்து, சைக்கிள் பம்ப்பால் அடித்துப் பார்த்தாலே அடைப்பு தெரிந்துவிடும். குழாய் சுத்தமாக இருந்தும் குறை நீடித்தால், கழுத்துக் குழாய் டேங்க்கில் சேரும் இடத்தில் உள்ள மடல் வால்வு திறக்காமல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகுதான் கேனிஸ்டர்.

ஒரு பழக்கத்தையும் கைவிடுங்கள். மைலேஜ் கணக்குப் பார்க்கவும், தொகையை ரவுண்டாக்கவும், நாசில் நின்ற பிறகும் கழுத்து வரை நிரப்புகிறோம். பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த 40 லிட்டர், வெயிலில் நிற்கும் காரில் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கும் மேல் பெருகும். அதற்கென விட்டுவைத்த இடத்தையும் நாம் நிரப்பிவிட்டால், திரவப் பெட்ரோலே ஆவிக் குழாயில் ஏறிக் கேனிஸ்டரை நனைக்க வாய்ப்புண்டு. நனைந்த கரி பிறகு ஆவியைப் பிடிக்காது. மைலேஜ் பார்க்க இரண்டு முறையும் முதல் ‘டிக்’கிலேயே நிறுத்தினால் கணக்கு போதுமான அளவு சரியாக வரும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் கார் இருக்கை வரை வெள்ளத்தில் நின்றது. எஞ்சினைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் டேங்க் முன்பைவிட மெதுவாக நிரம்புகிறது. மூடியைத் திறந்தால் ‘புஸ்’ஸென்று பெரிய சத்தம் வருகிறது. இது இயல்புதான் என்கிறார் மெக்கானிக். — ஒரு வாசகி, பள்ளிக்கரணை

பதில்: லேசான சத்தம் இயல்பானது, நீங்கள் சொல்வது அப்படித் தோன்றவில்லை. மூடியைத் திருகும்போது அருகில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் உட்புறமாக இழுபட்டால், பெட்ரோல் செலவாகும் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவில்லை என்று அறியலாம். வெள்ளத்தின் வண்டல், கேனிஸ்டரின் வெளிக்காற்று வாயிலையும் பிரீதர் குழாயையும் சேர்த்து அடைத்திருக்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2011ஆம் ஆண்டு மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், அந்தக் காற்று வழியில் ஒரு வகைச் சிலந்தி கட்டிய வலை. வழி அடைபட்டால் டேங்க் உள்ளிழுக்கப்பட்டு விரிசல் கண்டு, எரிபொருள் கசியக்கூடும் என்பதே அச்சம். சிலந்தி வலைக்கே அந்த நிலை என்றால், சேற்றுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் காரில் கேனிஸ்டரை மாற்றுவதே முறை. நனைந்து சேறேறிய கரியைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது. மூடியையும் மாற்றிவிடுங்கள், டேங்க்கின் அடிப்புறம் உட்குழிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் டீசல் பிக்அப் வண்டியிலும் நாசில் இப்படி நிற்கிறது. அதில் கேனிஸ்டரே இல்லையே? — ஒரு வாசகர், தேனி

பதில்: டீசல் எளிதில் நுரைக்கும், அந்த நுரை நாசிலின் துளையைத் தொட்டாலே போதும், நின்றுவிடும். லாரிகளுக்கான அதிவேக நாசிலைத் தவிர்த்து, பாதி அழுத்தத்தில் போடச் சொல்லுங்கள். வண்டி புதிதாக இருந்தபோதே இப்படி என்றால் அது கழுத்துக் குழாயின் அமைப்பு. அண்மையில்தான் தொடங்கியது என்றால், கரூர் வாசகருக்குச் சொன்ன அதே பிரீதர் குழாயைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். மண் சாலையில் ஓடும் வண்டி என்பதால் குழாயின் வாயில் புழுதி கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.