ஃபிரேம் இல்லை, ஆணியும் இல்லை: படங்களை எப்படி வைப்பது?

கேள்வி: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை இரண்டு வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். 40 படங்கள் தேறும். நூலகக் கூடம் 3 நாளுக்குக் கிடைத்திருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம்; ஃபிரேம் போடக் காசும் இல்லை. வித்தியாசமாக எப்படி வைக்கலாம்?

பதில்: ஆணி அடிக்க விடாததும் நல்லதுதான். ஃபிரேம் போட்டே ஆகவேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. 1955-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் நடத்திய கண்காட்சியில் வைத்த 503 படங்களுக்கு ஃபிரேம் கிடையாது. சில கூரையிலிருந்தே தொங்கின. பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2009-இல் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் அங்குள்ள பெண்களின் முகங்களை வினைலில் அச்சிட்டுக் கூரைகள்மேல் போர்த்தினார். மழை ஒழுகாமல் இருக்கவும் அது உதவியது. வித்தியாசத்துக்காக வித்தியாசம் செய்தால் இரண்டே நிமிடத்தில் சலித்துவிடும். வைக்கும் விதம் உங்கள் படத்திலிருந்தே வரட்டும்.

உங்களுக்கு அது கையிலேயே இருக்கிறது: உப்பு. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட் 1830களில் காகிதத்தில் படம் பதித்ததே உப்பை வைத்துத்தான். 2 சத உப்புக் கரைசலில் நல்ல வாட்டர்கலர் தாளை நனைத்துக் காயவையுங்கள். பிறகு மங்கிய வெளிச்சத்தில் 12 சத சில்வர் நைட்ரேட்டைத் தூரிகையால் பூசி, மறுபடி காயவிடுங்கள். ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சிட்ட நெகட்டிவை மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால் படம் கண்ணெதிரே கருத்து வரும். தண்ணீரில் அலசி, படம் மேலும் கருக்காமல் தடுக்கும் ஹைப்போ கரைசலில் நிலைநிறுத்தி, மறுபடி நன்றாக அலசவேண்டும். அந்த உப்பளத்து உப்பையே வடிகட்டிப் பயன்படுத்திப் பாருங்கள். முதலில் துண்டுத் தாளில் சோதனை. சில்வர் நைட்ரேட் பட்டால் தோல் கருத்துவிடும், கண்ணுக்கு ஆபத்து. கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம். விலையும் அதிகம், அதனால் சிறிய அளவில் ஐந்தாறு போதும். ஜன்னல் வெயில் படாத மூலையில் வையுங்கள்.

மற்றவற்றைத் துணியில் அச்சிடலாம். ஃபிளெக்ஸ் வேண்டாம், காதுகுத்து பேனர் மாதிரி ஆகிவிடும். சப்ளிமேஷன் பிரிண்ட், அதாவது சூட்டில் மையைத் துணியில் ஏற்றும் அச்சு, பருத்தியில் பிடிக்காது. பாலியஸ்டர் துணி என்று சொல்லியே கேளுங்கள். எதிரெதிர் ஜன்னல் கம்பிகளில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். நான் ஒருமுறை தூண்டில் நரம்பில் ஒற்றை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டேன். யாரோ ஃபேனைப் போட, வந்தவர்கள் பார்த்ததெல்லாம் படத்தின் முதுகைத்தான். அதனால் மேலே இரண்டு இடத்தில் கட்டுங்கள். கீழ் மடிப்பில் பிவிசி குழாய் செருகுங்கள்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். குனிந்து உப்பு வாரும் படங்களுக்கு மட்டும் அதை மீறுங்கள். தரையில் பாத்தி போலக் கட்டம் கட்டிப் பரப்பினால், பார்ப்பவரும் குனிந்துதான் பார்க்கவேண்டும். நடக்க இடம் விடுங்கள். 40-ஐ 18 ஆக்குங்கள்; வலிக்கும், பரவாயில்லை.

படத்தில் இருப்பவர்களிடம் முன்பே சம்மதம் வாங்கிவிடுங்கள், அவர்களையும் அழையுங்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் காலைத் திறப்பு விழாவுக்கு வரமாட்டார்கள். மாலை எத்தனை மணிவரை கூடம் திறந்திருக்கும் என்று நூலகரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.