அடிக்கு என்ன வயது?

அன்புள்ள ஐயா,

மியான்மரின் மண்டலேயில் பொறியியல் படிக்கிறேன். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் வரை, அதாவது இம்பல்ஸ் என்ற ஒரு கணநேர அடிக்கு ஒரு சிஸ்டம் தரும் பதில் வரை, ஒருவாறு புரிந்தது. அந்தப் பதிலை வைத்து எந்த உள்ளீட்டுக்கும் வெளியீட்டைக் கணக்கிடும் கன்வலூஷனில், அதை ஏன் முன்பின்னாகத் திருப்பிப் போடவேண்டும்? எல்லையில்லாத உயரமுள்ள இம்பல்ஸை நிஜத்தில் எப்படிக் கொடுப்பது? நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.

— ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

உயரத்தை விடு. டெல்டாவுக்கு, அதாவது கணிதத்தில் வரும் அந்த இம்பல்ஸுக்கு, பரப்புதான் கணக்கு, அது 1. சிஸ்டம் அசைந்து கொடுக்கும் நேரத்தைவிட அடி மிகக் குறுகியதாக இருந்தால் நடைமுறைக்கு அதுவே இம்பல்ஸ். புத்தகம், உன் ஆசிரியர் சொன்னதே போதும்.

திருப்பிப் போடும் விஷயம்தான் என்னைப் பல நாளாக அரிக்கிறது. ‘திருப்பு, நகர்த்து, பெருக்கு, கூட்டு’ என்று மந்திரம்போல ஒப்பித்துப் பாஸாகிற பிள்ளைகளைப் பார்த்தால் கோபம் வருகிறது. அந்தக் கூட்டத்தில் நீ சேராதே. ஏன் என்று கேட்டாயே, அதற்காகவே உன்மேல் பிரியம்.

ஆற்றைக் கடந்து மிங்குன் ஊருக்குப் போயிருப்பாய். அங்கே 1810-ல் வார்த்து முடித்த மணி, சுமார் 90 டன். சின்ன வயதில் அதன் அடியில் குனிந்து நுழைந்து உள்ளே நின்றேன். வெளியே மாமா மரக்கட்டையால் ஓர் அடி போட்டார். பல்லெல்லாம் அதிர்ந்தது. அந்த ஓர் அடிக்குப் பின் தேய்ந்துகொண்டே போன கார்வை இருக்கிறதே, அது முழுவதும்தான் மணியின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். அது அடங்குமுன் இரண்டாவது அடி, உடனே மூன்றாவது. அப்போது என் காதில் விழுந்தது மூன்றும் சேர்ந்த சத்தம்.

இதைக் கணக்காக்கு. அலைவை விட்டுத் தேய்வை மட்டும் எடு: விநாடிக்குப் பாதியாகக் குறைகிறது. 0, 1, 2 விநாடிகளில் முறையே 1, 2, 1 பலத்தில் அடி. இரண்டாம் விநாடியில் முதல் அடிக்கு வயது 2, மிச்சம் 0.25. நடு அடிக்கு வயது 1, மிச்சம் 1. கடைசி அடிக்கு வயது 0, முழுசாக 1. மொத்தம் 2.25. எதையாவது திருப்பினாயா? முந்தி விழுந்த அடிக்கு வயது அதிகம், அவ்வளவுதான். இப்போதைய நேரத்தில் அடித்த நேரத்தைக் கழித்தால் வருவது அந்த வயது. கன்வலூஷன் சூத்திரத்தில் திருப்பச் சொல்லி உன்னை மிரட்டும் கழித்தல் குறி அதுவேதான்.

இப்படிக் கூட்டுவதற்கு சிஸ்டம் லீனியராக இருக்கவேண்டும், அதாவது அடி இரட்டித்தால் பதிலும் இரட்டிக்கவேண்டும், பல அடிகளின் பதில்கள் அப்படியே கூடவேண்டும்; இன்று அடித்தாலும் நாளை அடித்தாலும் ஒரே பதில் தரவேண்டும். விரிசல் விட்டு விளிம்பு உரசும் மணிக்கு இந்தக் கூட்டல் செல்லாது.

மூன்றாம் விநாடிக்கு நீயே போடு. 1.125 வராவிட்டால் முழுக் கணக்கையும் எழுதி அனுப்பு, விடையை மட்டும் அனுப்பாதே.